ஒரு நீளம், இரண்டு குட்டை

இராசநாயகம் மாஸ்ரரின் கணனி வகுப்பு ஐந்து மாதம்தான் நடந்தது. தொண்ணூறாம் ஆண்டு தையில், சண்டை ஓய்ந்திருந்த இடைவெளியில், யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கத்தில் ஒரு மாடியறையை எடுத்து, ஒரேயொரு கணனியை வைத்துக்கொண்டு அவரும் ஜவாஹிரும் அதைத் தொடங்கினார்கள். மாஸ்ரர் பதினைந்து வருடம் கணிதம் படிப்பித்தவர். பாடம் நடத்துவது அவர் பங்கு. ஜவாஹிர் சோனகத் தெருக்காரன், ரேடியோவும் ரீவியும் திருத்துகிற கடை வைத்திருந்தவன், முப்பது வயதுதான். பெட்டியைத் திறப்பது, துடைப்பது, பழுது பார்ப்பது எல்லாம் அவன் பங்கு. மாஸ்ரருக்கு அதன் மூடியைக் கழற்றவே பயம்.

"உள்ளுக்கை கடிக்கிற சாமான் ஒண்டுமில்லை, மாஸ்ரர். ஏன் பாம்புப் புத்தைப் பாக்கிறமாதிரி எட்டி நிக்கிறியள்?" என்று ஜவாஹிர் சிரிப்பான்.

ஆனியில் சண்டை மீண்டும் மூண்டது. ஆமி இருந்த கோட்டையிலிருந்து ஷெல் விழத் தொடங்க, நகரம் இரண்டு நாளில் காலியாகிப் போனது. மின்சாரமும் அதோடு நின்றது. வகுப்பறையில் கிடந்த கணனியை விட்டுவிட்டுப் போக இருவருக்கும் மனம் வரவில்லை. ஜவாஹிர் பெட்டியைச் சாக்கில் சுற்றித் தன் சைக்கிள் கரியரில் கட்டினான். மாஸ்ரர் திரையைத் தன் சைக்கிளில் கட்டினார். கொழும்புத்துறையில் இருந்த மாஸ்ரரின் வீட்டுக்கு இரண்டு மைல். பாதி வழியில் எங்கோ கிட்டத்தில் ஒரு ஷெல் விழ, மாஸ்ரர் சைக்கிளைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் பாய்ந்தார். எழுந்து பார்த்தபோது திரையின் கண்ணாடி நொறுங்கியிருந்தது. ஜவாஹிர் சைக்கிளை விடவில்லை. நடு வீதியில், இரண்டு கையாலும் கரியரை அணைத்துக்கொண்டு குந்தியிருந்தான்.

திரையில்லாத கணனி மாஸ்ரர் வீட்டு முன்னறையில் நான்கு மாதம் துணியால் மூடிக் கிடந்தது.

ஐப்பசியில் அருளம்பலம் வந்தார். மாவட்டக் கச்சேரியில் வேலை பார்த்து இளைப்பாறிய அரசாங்க உத்தியோகத்தர். அப்போது ஒரு நிவாரணக் குழுவின் செயலாளர். தீவுப்பகுதியிலிருந்தும் வலிகாமம் வடக்கிலிருந்தும் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களில் கிடந்த குடும்பங்களுக்கு உலர் உணவு கொடுக்கப் பெயர்ப்பட்டியல் வேண்டியிருந்தது. கையால் எழுதி எழுதி மாளவில்லை. கனடாவுக்குப் போய்விட்ட ஒருவரின் கந்தோரில் கிடந்த கலர்த் திரை ஒன்றும் அதைக் கணனியோடு இணைக்கிற கார்ட்டும் குழுவிடம் இருந்தன. ஜெனரேற்றரும் மண்ணெண்ணெயும் தாங்களே தருவதாகச் சொன்னார்.

"கலர்த் திரைக்கு எங்கடை பழைய கார்ட் சரிவராது. அதைக் கழட்டிப்போட்டு இதைப் போடவேணும். ஒரு பின்னேர வேலை," என்றான் ஜவாஹிர்.

ஐப்பசி இருபத்தொன்பதாம் தேதி பின்னேரம் அவன் வந்து அந்த வேலையைச் செய்தான். மாஸ்ரர் சங்கக்கடை வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பியபோது அவன் கை கழுவிவிட்டு வாசல் படலையடிக்கு வந்திருந்தான்.

"கார்ட் போட்டாச்சு, மாஸ்ரர். ஆனால் இன்னும் ஒரு சின்ன வேலை கிடக்கு. வெளிச்சம் போதேல்லை, கண் பிடிக்குதில்லை. நாளைக்குக் காலமை வந்து முடிச்சுப்போடுறன். அதுமட்டும் கரண்ட் குடுக்காதேங்கோ."

"குடுக்கிறதுக்கு ஜெனரேற்றர் வரவேணுமே," என்றார் மாஸ்ரர். இருவரும் சிரித்தார்கள். ஜவாஹிர் சைக்கிளில் ஏறிப் போனான்.

மறுநாள் காலை அவன் வரவில்லை. பத்து மணிபோல் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் சொன்னார். சோனகத் தெருவில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் திரிகிறதாம். முஸ்லிம் சனம் எல்லாம் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டு வெளிக்கிட வேண்டும் என்று இயக்கம் சொல்லிவிட்டதாம்.

மாஸ்ரர் சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். மனைவி குணலட்சுமி ஒரு பையில் பாணும் வாழைப்பழமும் போட்டு, ஜவாஹிரின் மனைவிக்கென்று கொடுத்தாள். "ஸபூராவிட்டைக் குடுங்கோ. பிள்ளை வழியிலை பசியெண்டு அழும்," என்றாள்.

ஆஸ்பத்திரியைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும் ஒரு சந்தியில் இயக்கத்துக்காரர் இரண்டு பேர் துவக்கோடு நின்றார்கள். ஒருவன் அவரிடம் படித்தவன்.

"எங்கை, மாஸ்ரர், போறியள்?"

குரலில் மிரட்டல் ஒன்றும் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டான்.

"சும்மா... மருந்து வாங்க."

"இந்தப் பக்கம் இண்டைக்குக் கடையொண்டும் இல்லை. வீட்டை போங்கோ."

அவர் சைக்கிளைத் திருப்பினார். தூரத்தில் சனத்தின் இரைச்சல் கேட்டது. கொழும்புத்துறைக் கடற்கரையில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்துவிட்டு, பாணைக் காகத்துக்குப் பிய்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"கண்டீங்களோ?" என்று கேட்டாள் குணலட்சுமி.

"போயிட்டினம். நான் போகமுன்னமே வெளிக்கிட்டிட்டினம்," என்றார்.

மூன்றாம் நாள் அருளம்பலம் ஜெனரேற்றரை வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். கூடவே இரண்டு எழுதுவினைஞர்கள். ஜெனரேற்றர் முற்றத்தில் இரைந்தது. மாஸ்ரர் கணனியின் சுவிச்சைப் போட்டார். விசிறி சுற்றியது. பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது, அதைத் தொடர்ந்து குட்டையாக இரண்டு. திரை கறுப்பாகவே இருந்தது.

நிறுத்திவிட்டு மறுபடி போட்டார். ஒரு நீளம், இரண்டு குட்டை. திரை விழிக்கவில்லை.

வயரைக் கழற்றிப் பூட்டினார். திரையின் பின்னாலிருந்த வெளிச்சக் குமிழைத் திருகினார். திரைக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்த்தார்; சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. பயத்தை விட்டுவிட்டு மூடியைக் கழற்றினார். கார்ட்டை உருவி, அதன் பித்தளைப் பற்களைப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்தார். ஜவாஹிர் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறார். கடற்காற்றுக்குக் களிம்பு பிடிக்கும் என்பான். திரும்பவும் அழுத்திப் பொருத்தினார். பிறகு பக்கத்துக் குழியில் மாற்றிப் பொருத்தினார். ஒவ்வொரு முறையும் அதே மூன்று சத்தம். மண்ணெண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. அருளம்பலம் கதிரையில் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பழைய கார்ட் எங்கை?" என்று அவர் கேட்டார்.

மாஸ்ரர் மேசை லாச்சியைத் திறந்தார். அலுமாரியைப் பார்த்தார். மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார். எங்கும் இல்லை. கணனியோடு வந்த கையேட்டையும் காணவில்லை.

"அவன் கொண்டு போயிட்டானோ?" என்றார் அருளம்பலம். "போற போக்கிலை உள்ளுக்கையிருந்து வேறை என்னத்தையும் கழட்டினானோ ஆருக்குத் தெரியும்? உமக்கு உது விளங்குமே? அவனுக்குத்தானே விளங்கும்."

'இன்னும் ஒரு சின்ன வேலை கிடக்கு' என்று ஜவாஹிர் சொன்னது மாஸ்ரரின் நாக்கு நுனிவரை வந்தது. அவர்கள் வெளிக்கிடப் போவது முதல் நாள் பின்னேரம் ஜவாஹிருக்கே தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கும், ஐயா," என்றார். "கழட்டிக்கொண்டுதான் போயிட்டான் போலை."

சொன்னவுடன் நெஞ்சில் மூன்று நாளாகக் கிடந்த பாரம் கொஞ்சம் இளகியது. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டார்.

கதை அப்படியே பரவியது. எழுதுவினைஞர்கள் கந்தோரில் சொன்னார்கள், கந்தோரிலிருந்து சங்கக்கடைக்குப் போனது. "நீங்கள் நம்பி வைச்சிருந்தனீங்கள், மாஸ்ரர்," என்று சந்தித்தவர்கள் அனுதாபப்பட்டார்கள். அவர் இல்லையென்று சொல்லவில்லை. பட்டியலைப் பழையபடி கையால் எழுதினார்கள்.

தை மாதம் பெய்த மழையில் பின்பக்கக் கொட்டில் ஒழுகியது. விறகை ஒதுக்குவதற்காக மாஸ்ரர் உள்ளே போனபோது, மூலையில் உடைந்த திரையின் அட்டைப்பெட்டி நனைந்து இளகிக் கிடந்தது. தூக்க, அடி பிய்ந்து கொட்டுண்டது. கண்ணாடித் துண்டுகளோடு ஒரு புத்தகமும், சிகரெட் பெட்டிக்குள் வருகிற வெள்ளித்தாளில் பக்குவமாகச் சுற்றிய ஏதோ ஒன்றும் நிலத்தில் விழுந்தன. வெள்ளித்தாளைப் பிரித்தார். பழைய கார்ட்.

"உந்தப் பெட்டியை அண்டைக்குப் பின்னேரம் ஜவாஹிர்தான் உங்கை வைச்சவர்," என்றாள் பின்னால் வந்து நின்ற குணலட்சுமி. "பிள்ளையளுக்குக் கண்ணாடி குத்திப்போடும் எண்டு தானே தூக்கிக்கொண்டு வந்தவர். ஏன், என்ன கிடக்கு அதுக்கை?"

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் என்னைக் கேக்கேல்லையே."

அந்தப் புத்தகம்தான் காணாமல்போன கையேடு; அதோடு முன்னறைக்குப் போனார். ஈரத்தில் தாள்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து, பகல் முழுவதும் ஜன்னலடியில் இருந்து வாசித்தார். சத்தங்களுக்கு ஒரு அட்டவணை இருந்தது. ஒரு நீளம், இரண்டு குட்டை: திரைக் கார்ட்டில் குழப்பம். இன்னும் எட்டுப் பக்கம் தள்ளி, பெரிய பச்சைப் பலகையின் மூலையில் வரிசையாக இருக்கும் எட்டுச் சின்னச் சுவிச்சுகளைப் பற்றி எழுதியிருந்தது. ஐந்தாவதும் ஆறாவதும் எந்த வகைத் திரை என்று கணனிக்குச் சொல்பவை. பழைய திரைக்கு இரண்டும் கீழே இருக்க வேண்டும். கலர்த் திரைக்கு ஐந்தாவதை மேலே தள்ள வேண்டும். அந்த வரிக்குக் கீழே பென்சிலால் மெல்லிய கோடு போட்டிருந்தது.

பெட்டியைத் திறந்து பார்த்தார். சுவிச்சுகள் ஒவ்வொன்றும் அரிசி மணியளவு. ஐந்தாவது கீழே கிடந்தது. மங்கல் வெளிச்சத்தில் கண் பிடிக்காதுதான். குணலட்சுமியின் தலையூசியால் அதை மேலே தள்ளினார்.

இரண்டு நாள் கழித்து ஜெனரேற்றர் வந்தது. ஒரேயொரு குட்டைச் சத்தம், திரை விழித்துக்கொண்டது. கறுப்பில் வெள்ளை எழுத்துகள் ஓடின. எழுதுவினைஞர்கள் கைதட்டினார்கள். அருளம்பலம் அவர் முதுகில் தட்டி, "கெட்டிக்காரன் ஐசே நீர்," என்றார்.

"ஐயா, ஜவாஹிர் ஒண்டும் எடுக்கேல்லை. எல்லாம் இங்கைதான் கிடந்தது," என்றார் மாஸ்ரர்.

"சரி, சரி. இப்ப அது என்னத்துக்கு? வேலையைத் தொடங்குவம்."

அன்றே ஜவாஹிருக்குக் கடிதம் எழுதினார். புத்தளத்தில் இருப்பதாக மட்டும் தெரியும். அகதி முகாம், புத்தளம் என்று முகவரி போட்டார். பதில் வரவில்லை. இன்னும் இரண்டு எழுதினார். அவற்றிற்கும் இல்லை.

தொண்ணூற்றிரண்டு ஆவணியில் கண் வருத்தத்துக்குக் கொழும்பு போக வேண்டி வந்தது. வள்ளத்தில் கடலேரியைக் கடந்து, வவுனியா போய்ச் சேர மூன்று நாள். கொழும்பில் வைத்தியரைக் கண்டபின் அவர் நேரே ஊர் திரும்பவில்லை. புத்தளம் பஸ்ஸில் ஏறினார். விசாரித்து விசாரித்து, கல்பிட்டி வீதியில் கிடுகு வேய்ந்த குடில்கள் நெருக்கியடித்து நின்ற ஒரு முகாமுக்குப் பின்னேரம் போய்ச் சேர்ந்தார்.

குழாயடியில் வாளியோடு நின்ற ஸபூரா அவரைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வாங்கோ," என்று மட்டும் சொன்னாள். ஒரு குடிலின் வாசலில் பெட்டியொன்றைக் கவிழ்த்து வைத்து அவரை இருத்திவிட்டு உள்ளே போனாள். ஜவாஹிர் வர ஒரு மணித்தியாலம் ஆனது. உப்பளத்தில் வேலை. சாரத்தை மடித்துக் கட்டியிருந்தான். கைகள் இரண்டும் உப்புக்கு வெடித்து, விரலிடுக்குகளில் சிவந்திருந்தன.

"மாஸ்ரரோ!" என்றான். அந்தக் கையால் அவர் கையைப் பிடித்தவன், உடனே விட்டுவிட்டான். பிறகு அவனே கேட்டான்.

"படம் வந்ததோ?"

"வந்தது. ஐஞ்சாவது சுவிச்."

"அதுதான்! அதேதான்!" அவன் முகம் ஒரு கணம் பழைய முகமானது. "வாற வழி முழுக்க எனக்கு அதுதான் யோசினை, மாஸ்ரர். பிள்ளையைத் தோளிலை வைச்சுக்கொண்டு நடக்கிறன், வாய் ஐஞ்சாவது சுவிச், ஐஞ்சாவது சுவிச் எண்டு சொல்லிக்கொண்டிருக்குது. ஸபூரா ஏசினவ. வீடு போயிட்டுது, கடை போயிட்டுது, உங்களுக்கு உதோ யோசினை எண்டு."

"ஜவாஹிர், உமக்கு நான் ஒண்டு சொல்லவேணும். அதுக்குத்தான் வந்தனான்."

"அவருக்குத் தெரியும், மாஸ்ரர்." கிடுகுத் தட்டிக்குப் பின்னாலிருந்து ஸபூராவின் குரல் வந்தது.

"விடும், ஸபூரா."

"ஏன் விடுறது? அவர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். கேக்கட்டும்." அவள் வாசலுக்கு வந்தாள். "வந்து இரண்டு மாதத்திலை, அகதியளைப் பதிய இங்கை ஒரு கந்தோருக்குக் கொம்பியூட்டர் தெரிஞ்ச ஆள் தேடினவை. இவர் போனவர். ஒரு மாதம் வேலையும் பாத்தவர். யாழ்ப்பாணத்திலை ஆரோடை வேலை செய்தனீர் எண்டு கேட்டு, அங்கத்தைக் குழுவுக்கு எழுதினவை. பதில் வந்தது. வேலை தெரிஞ்ச ஆள்தான், ஆனால் சாமான் கழட்டிக்கொண்டு போனவர், நம்ப ஏலாது எண்டு. அடுத்த நாள் இவரை உள்ளுக்கை விடேல்லை."

மாஸ்ரர் தலையைக் குனிந்துகொண்டார். "அருளம்பலம் ஐயா எழுதினது எனக்குத் தெரியாது..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். "இல்லை. அவருக்கு அதைச் சொன்னது நான்தான்."

"சந்தியிலை வைச்சு எங்கடை பையளைக் கொட்டிச் சோதிச்சவங்கள்," என்றாள் ஸபூரா. அவள் குரல் உயரவில்லை. "என்ரை காதிலை கிடந்ததைக்கூடக் கழட்டினவங்கள். அவங்களை நான் முந்திப் பிந்திக் கண்டதில்லை. அவங்கள் செய்ததுக்கு அழுதுபோட்டு இருந்திட்டன். நீங்கள் எங்கடை வீட்டிலை நோன்புக் கஞ்சி குடிச்சனீங்கள், மாஸ்ரர்."

அவள் உள்ளே போய்விட்டாள். பக்கத்துக் குடிலில் யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள். ஜவாஹிர் நிலத்தில் குந்தி, உள்ளங்கையில் உரிந்திருந்த தோலைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்டு மட்டும் சொல்லுங்கோ, மாஸ்ரர். நீங்கள் உண்மையிலேயே நம்பினீங்களோ? நான் எடுத்தனான் எண்டு?"

நம்பினேன் என்று சொல்வது லேசாக இருந்திருக்கும். மாஸ்ரர் அதைத்தான் சொல்ல நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"இல்லை," என்றார். "ஒரு நாளும் நம்பேல்லை. அண்டைக்கு உங்களைப் பாக்கச் சைக்கிளிலை வெளிக்கிட்டு வந்தனான். சந்தியிலை பெடியள் எங்கை போறியள் எண்டு கேக்க, பயந்து திரும்பிப் போயிட்டன். அதுக்குப் பிறகு உம்மை நினைக்கேலாமல் இருந்தது. நீர் கள்ளன் எண்டு சொன்னவுடனை... எனக்குச் சுகமாய் இருந்தது."

ஜவாஹிர் பிய்த்த தோலைச் சுண்டியெறிந்தான்.

"நம்பியிருந்தீங்கள் எண்டால் பரவாயில்லை," என்றான்.

ஸபூரா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மாஸ்ரர் குடித்தார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஜவாஹிரே எழுந்து வீதிவரை கூட வந்தான். பஸ் வரும்வரை நின்றான். கை காட்டவில்லை.

மறுநாள் மாஸ்ரர் புத்தளத்தில் அந்தக் கந்தோரைத் தேடிப் போனார். நடந்ததை முழுவதும் தன் கைப்பட எழுதி, கையொப்பமிட்டுக் கொடுத்தார். பொறுப்பாக இருந்தவர் நல்ல மனிதர். இரண்டு முறை வாசித்தார். "அந்த இடத்துக்குப் போன வருசமே ஆள் எடுத்தாச்சே. இதைக் கோப்பிலை வைக்கிறன்," என்றார். பக்கத்து அறையில் யாரோ கணனியில் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஊர் திரும்பியபின் மாஸ்ரர் மாதம் ஒரு கடிதம் எழுதினார். சுகம் விசாரித்தார், பிள்ளையின் படிப்பை விசாரித்தார். பதில் இல்லை. தொண்ணூற்று மூன்று சித்திரையில் குழுவின் அச்சுப்பொறி பழுதாகி, எழுத்துகளின் மேற்பாதி மட்டும் விழத் தொடங்கியது. வேறு வழி தெரியாமல் அதையும் எழுதினார். ஆறு கிழமையில் ஒரு தபாலட்டை வந்தது. ஜவாஹிரின் எழுத்து. 'தலையில் உள்ள ஊசிகள் இறுகியிருக்கும். கழற்றி ஸ்பிரிட்டில் ஒரு இரவு ஊறவிடவும். றிபனுக்கு எண்ணெய் போடவேண்டாம்.' விளிப்பும் இல்லை, பெயரும் இல்லை.

சொன்னபடி செய்தார், சரியாகியது. புரட்டாசியில் பிளொப்பி ஒன்று வாசிக்க மறுத்தது. அதற்கும் ஒரு தபாலட்டை வந்தது, மூன்று வரி. நன்றி சொல்லி எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. பழுதைப் பற்றிக் கேட்டால் பதில் வரும், மனிதரைப் பற்றிக் கேட்டால் வராது என்று அவருக்கு விளங்கியது.

அடுத்த வருடம் முழுவதும் கணனி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மாஸ்ரர் ஆடிவரை பொறுத்திருந்தார். பிறகு ஒருநாள், திரையில் இடையிடையே எழுத்துகள் தலைகீழாக விழுவதாகவும், என்ன செய்யலாம் என்றும் ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டார்.

கார்த்திகையில் பதில் வந்தது.

'அப்படி ஒரு பழுது அந்த மெஷினில் வராது.'

அதன்பிறகு அவர் எழுதவில்லை.